கொரோனாவின் வெப்பநிலை எத்தனை? முதலில் எந்த அயனிக்கு என்று சொல்லுங்கள்

கேள்வி இது: "சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் புற ஊதா நிறமாலை என்ற பேச்சு வருகிறது. அழகழகான படங்கள்தான் கொட்டிக் கிடக்கின்றனவே, நிறமாலை எதற்கு? அதையும் ஏன் விண்வெளிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்? நம் ஆதித்யா எல்1 இதைச் செய்கிறதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஆதித்யாவில் உள்ள சூட் கருவி 200 முதல் 400 நானோமீட்டர் வரை புற ஊதாவில் படம் எடுக்கிறது. ஆனால் அது பார்ப்பது கொரோனாவுக்குக் கீழே உள்ள ஒளிக்கோளத்தையும் (நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு) அதற்கு மேலுள்ள நிறக்கோளத்தையும். கொரோனாவைப் பார்ப்பது வெல்க் கருவி. அது நிறமாலையும் (அலைநீளம் வாரியாகப் பிரித்த ஒளி) எடுக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அகச்சிவப்பிலும்: 530.3, 789.2, 1074.7 நானோமீட்டரில் இரும்பு அயனிகள் (எலக்ட்ரான் இழந்த அணுக்கள்) தரும் மூன்று வரிகளில், அதாவது குறிப்பிட்ட அலைநீளங்களில் பளிச்சிடும் ஒளியில். புற ஊதா, கொரோனா, நிறமாலை மூன்றும் ஒரே கருவியில் சேரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; அதன் வேலை வேறு.

சரி, படம் ஏன் போதாது? கிரகணத்தின்போது நாம் பார்க்கும் வெள்ளை ஒளி பெரும்பாலும் கொரோனாவின் சொந்த ஒளி இல்லை. சூரியனின் மேற்பரப்பிலிருந்து வந்த ஒளியை அங்கே திரியும் எலக்ட்ரான்கள் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகின்றன. அதனால் அந்தப் படத்திலிருந்து எங்கே எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று நன்றாகக் கணக்கிடலாம். ஹைட்ரஜன் எவ்வளவு வேகத்தில் போகிறது, ஆக்சிஜன் எவ்வளவு சூடாக இருக்கிறது என்றெல்லாம் கேட்டால் அந்தப் படத்தில் பதில் இல்லை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் பொன்னிற, பச்சை நிறப் படங்கள் ஒரு படி மேல். அவை குறிப்பிட்ட அயனிகளின் ஒளியைத்தான் பிடிக்கின்றன. ஆனால் வடிகட்டிக்குள் வரும் எல்லா ஒளியும் ஒன்றாகக் கூட்டப்பட்டு ஒரே எண்ணாகிவிடும். ஒரு புள்ளி பளிச்சென்று இருந்தால் அங்கே அடர்த்தி அதிகமா, வெப்பம் மாறியதா என்பது தெரியாது.

அதே ஒளியைப் பிரித்து ஒரு வரியாகப் பார்த்தால் கதை மாறுகிறது. வரி இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்திருந்தால் பொருள் நம்மை நோக்கியோ விலகியோ ஓடுகிறது. வரி அகன்றிருந்தால் அயனிகள் கண்டபடி அலைகின்றன. ஒரே தனிமத்தின் இரண்டு வரிகளின் பிரகாசத்தை ஒப்பிட்டால் அடர்த்தியோ வெப்பநிலையோ கிடைக்கும். இரண்டு தனிமங்களை ஒப்பிட்டால் கலவை தெரியும்.

இதற்கு ஏன் புற ஊதா? கொரோனாவில் வெப்பநிலை பத்து லட்சம் கெல்வினுக்கு மேல். அந்தச் சூட்டில் அணுக்கள் பல எலக்ட்ரான்களை இழந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் எலக்ட்ரான்கள் இறுக்கமாகக் கட்டுண்டு கிடப்பதால் அவை தரும் வலுவான வரிகள் எல்லாம் 150 நானோமீட்டருக்குக் கீழேதான் விழுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் கொரோனா வரிகள் உண்டு. 1869 ஆகஸ்ட் கிரகணத்தில் அமெரிக்காவில் கண்ட 530.3 நானோமீட்டர் பச்சை வரிதான் அவற்றில் புகழ்பெற்றது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது ஒத்துப்போகாததால் 'கொரோனியம்' என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். 1940களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பெங்ட் எட்லேன்தான் அது 13 எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு என்று நிறுவினார். கொரோனா இவ்வளவு சூடு என்பதை உலகம் நம்பத் தொடங்கியதும் அப்போதுதான். ஆனால் அப்படிப்பட்ட வரிகள் அரிதானவை, மங்கலானவை. கொரோனாவின் பெரும்பகுதியான ஹைட்ரஜனையும், கொஞ்சமே இருந்தாலும் நிறையச் சொல்லக்கூடிய ஆக்சிஜனையும் நேரில் விசாரிக்க வேண்டுமென்றால் 121.6 நானோமீட்டரில் உள்ள லைமன் ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் வரிக்கும், 103.2, 103.8 நானோமீட்டரில் உள்ள ஆக்சிஜன் ஜோடி வரிகளுக்கும் போகத்தான் வேண்டும்.

அந்த ஒளி தரைக்கு வராது. 300 நானோமீட்டருக்குக் கீழே ஓசோன் தடுக்கிறது, 200க்குக் கீழே சாதாரண ஆக்சிஜனே விழுங்கிவிடுகிறது. மலை உச்சியும் உதவாது, பலூனும் உதவாது. ஓசோன் படலத்துக்கு மேலே ஒரு கருவியை ஏற்றினால் சூரியனின் லைமன் ஆல்ஃபாவைப் பார்க்கலாம் என்று ராக்கெட்டுகள் வருவதற்கு முன்பே, 1937ல், ஹார்வர்டு வானாய்வக இதழில் எழுதியவர் இந்திய வானியற்பியலாளர் மேகநாத் சாகா. அது நடக்கப் போர் ஒன்று முடிய வேண்டியிருந்தது. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட் ஒன்றில் ரிச்சர்ட் டௌசி குழுவினர் வைத்த நிறமாலைமானி 1946 அக்டோபர் 10 அன்று ஓசோன் எல்லையைத் தாண்டிய முதல் சூரிய நிறமாலையைப் பதிவு செய்தது. (எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் அயனியாகும் என்று சொல்லும் சாகாவின் புகழ்பெற்ற அயனியாக்கச் சமன்பாடு கொரோனாவுக்குப் பொருந்தாது என்பது ஒரு வேடிக்கை. அங்கே அடர்த்தி அவ்வளவு குறைவு என்பதால் சமநிலையே வேறு வகை. தேர்வில் இதைக் கேட்டால் பலர் கோட்டை விடுவார்கள்.)

விண்வெளிக்குப் போனாலும் தொல்லை தீராது. 103 நானோமீட்டர் ஒளி எந்தக் கண்ணாடியையும் ஊடுருவாது. ஜன்னலுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் லித்தியம் ஃபுளோரைடு படிகம்கூட 105 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழேயே கைவிட்டுவிடும். எனவே லென்ஸ் கிடையாது, மூடி கிடையாது. உணரி வெற்றிடத்தில் திறந்தே இருக்க வேண்டும். ஆடியில் ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் பாதிக்கு மேல் ஒளி போய்விடுவதால் ஆடிகளின் எண்ணிக்கையையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். பசை, ரப்பர், பெயின்ட் எதிலிருந்தாவது கசியும் ஆவி ஆடியில் படிந்தால் புற ஊதா ஒளியே அதைச் சுட்டுக் கெட்டியாக்கிவிடும். அதனால் இந்தக் கருவிகளின் உணர்திறன் ஆண்டுகள் போகப்போக மெல்லக் குறையும். எவ்வளவு குறைந்தது என்று தெரியாவிட்டால் அளந்த பிரகாசத்துக்கு அர்த்தமில்லை.

இந்த இடத்தில் கல்பனா சாவ்லா வருகிறார்.

சூரியனிலிருந்து தள்ளி, மங்கலான வெளிக் கொரோனாவில் புற ஊதா நிறமாலை எடுக்கவென்றே செய்யப்பட்ட கருவி யுவிசிஎஸ். ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தின் ஜான் கோல் தலைமையில் அமெரிக்காவும் இத்தாலியும் சேர்ந்து உருவாக்கியது. 1995 டிசம்பர் 2 அன்று சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தில் ஏறி, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி இன்று ஆதித்யா இருக்கும் அதே எல்1 வட்டாரத்துக்குப் போனது. அதற்கு முன்னோடியாக ஸ்பார்டன் 201 என்ற ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள சிறு செயற்கைக்கோள் இருந்தது. விண்வெளி ஓடம் அதை வெளியே விடும். அது இரண்டு நாள் கொரோனாவைப் பார்க்கும். மறுபடி பிடித்துப் பூமிக்குக் கொண்டுவருவார்கள். தரைக்குத் திரும்பி வருவதுதான் அதன் பெருமை. ஆய்வகத்தில் வைத்துத் திரும்ப அளவீடு சரிபார்க்கலாம். அதனால் சோஹோவில் உள்ள கருவியும் ஸ்பார்டனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தால், திரும்பி வர முடியாத கருவியின் உணர்திறனை இதை வைத்து ஒப்பிடலாம்.

1997 நவம்பரில் கொலம்பியா ஓடத்தில் ஸ்பார்டன் போனது. அதை இயந்திரக் கையால் வெளியே விடும் பொறுப்பு கல்பனா சாவ்லாவுக்கு. அது அவருடைய முதல் பயணம். வெளியே விட்டதும் ஸ்பார்டன் ஒரு சிறு சுழற்சி செய்து 'நான் நலம்' என்று காட்ட வேண்டும். அது அசையவில்லை. மறுபடி இயந்திரக் கையால் பிடிக்கப் போனபோது பிடி கிடைக்காமல், கலம் மெல்லச் சுழலத் தொடங்கிவிட்டது. சில நாள் கழித்து வின்ஸ்டன் ஸ்காட்டும் தக்காவோ தோயியும் வெளியே வந்து, ஓடத்தின் சரக்குத் தளத்தில் காலை ஊன்றி நின்று, கலம் கைக்கெட்டும் வரை காத்திருந்து, வெறுங்கையால் என்று சொல்லும்படி கையுறையோடு பிடித்தார்கள். அந்த விண்நடை 7 மணி 43 நிமிடம் நீடித்தது. ஜப்பானியர் ஒருவர் விண்ணில் நடந்தது அதுவே முதல்முறை. ஆனால் அறிவியல் தரவு எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் பழி சாவ்லா மேல் விழுந்தது. மென்பொருள் இடைமுகத்திலும், குழுவுக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கும் வகுத்த செயல்முறைகளிலும் இருந்த பிழைகளே காரணம் என்று பிறகு விசாரணை சொன்னது. இந்தியப் பத்திரிகைகளில் இந்தச் சம்பவம் அடிக்கடி வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எழுதியவர்கள் குறைவு. கொரோனாவைப் பார்க்கும் புற ஊதா நிறமாலைமானிதான் இருந்தது.

ஓராண்டு கழித்து, 77 வயது விண்வெளி வீரர் ஜான் கிளென் போன பயணத்தில், ஸ்பார்டன் மறுபடி பறந்து வேலையை முடித்தது. அதற்குள் சோஹோவே ஒரு கண்டத்தைத் தாண்டியிருந்தது. 1998 ஜூன் 25 அன்று தொடர்பு அறுந்து, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய், ஜூலையில் அரெசிபோ ரேடார் மூலம் கண்டுபிடித்து, உறைந்து போன எரிபொருளை உருக்கி, செப்டம்பரில் மறுபடி சூரியனை நோக்கித் திருப்பினார்கள். அதன் 12 கருவிகளும் பிழைத்தன. கருவிகள் உறைந்து எழுந்த பிறகு பழைய அளவீட்டை அப்படியே நம்ப முடியாது, இல்லையா? ஸ்பார்டன் சரியான நேரத்தில்தான் வந்தது.

அப்புறம், யுவிசிஎஸ் என்ன கண்டது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

முதல் சிக்கல் வேகம். சூரியக் காற்று, அதாவது மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், சூரியனிலிருந்து வெளியே போகிறது. விளிம்புக்கு மேலே நாம் பார்க்கும்போது அந்த ஓட்டம் நம் பார்வைக்குக் குறுக்கே இருக்கும். மேலே சொன்ன வரி நகர்வு (டாப்ளர் நகர்வு) தெரியாது. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. கொரோனாவில் மின்னூட்டமற்ற ஹைட்ரஜன் அணு மிகமிக அரிது, புரோட்டான்கள் பத்து லட்சக் கணக்கில் இருந்தால் ஒன்று என்ற அளவில்தான். ஆனாலும் கீழே நிறக்கோளத்திலிருந்து வரும் பிரகாசமான லைமன் ஆல்ஃபா ஒளியை உறிஞ்சித் திருப்பி வீச அது போதும். அணு ஓடாமல் இருந்தால் வரும் ஒளியின் அலைநீளமும் அது உறிஞ்சும் அலைநீளமும் பொருந்தும். அணு வெளியே ஓடினால், அதன் கணக்கில் கீழிருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும், உறிஞ்சல் குறையும். வானொலியில் முள் ஸ்டேஷனை விட்டு நகர நகரப் பாட்டு மங்குகிற மாதிரிதான். நொடிக்கு 200 கி.மீ. வேகத்தில் நகர்வு சுமார் 0.08 நானோமீட்டர். வரியின் அகலத்தோடு ஒப்பிட இது சின்ன விஷயமில்லை. எவ்வளவு மங்கியது என்று பார்த்து வெளியோட்ட வேகத்தைக் கணக்கிடலாம்.

ஆக்சிஜனில் இது இன்னும் சுவாரசியம். 103.2, 103.8 வரிகள் இரண்டும் எலக்ட்ரான் மோதலால் மட்டும் உண்டானால் பிரகாசம் 2:1 என்று இருக்கும். கீழிருந்து வரும் ஒளியைத் திருப்பி வீசுவதால் மட்டும் உண்டானால் 4:1. நிஜத்தில் இரண்டும் கலந்து, மெதுவான பிளாஸ்மாவில் (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயு) விகிதம் 2க்கு மேல் இருக்கும். வேகம் கூடக்கூட இரண்டாவது வகை மங்கி விகிதம் 2ஐ நோக்கி இறங்கும். அதோடு நிற்க வேண்டும். ஆனால் சூரியனின் துருவக் கொரோனா துளைகளில் (காந்தப்புலம் வெளியே திறந்திருக்கும் மங்கலான பகுதிகள்) அது 2க்கும் கீழே போனது. காரணம் கார்பன். 103.8க்கு மிகச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் நிறக்கோளக் கார்பனின் ஒரு வரி இருக்கிறது. ஆக்சிஜன் அயனி நொடிக்கு சுமார் 170 கி.மீ. வேகத்தில் வெளியே ஓடும்போது அந்தக் கார்பன் ஒளி நகர்ந்து வந்து ஆக்சிஜனின் 103.8 வரியோடு சரியாகப் பொருந்துகிறது. ஆக, அந்த ஒரு வரி மட்டும் மறுபடி தூண்டப்பட்டுப் பிரகாசமாகிறது. இன்னொரு கார்பன் வரி 370 கி.மீ. வேகத்தில் இதையே செய்யும். சூரியனுக்கு மிக அருகிலேயே, மையத்திலிருந்து இரண்டு மூன்று சூரிய ஆரத் தொலைவிலேயே வேகமான சூரியக் காற்று இவ்வளவு முடுக்கம் பெற்றுவிடுகிறது என்று இப்படித்தான் தெரிந்தது. அதுவும், கனமான ஆக்சிஜன் லேசான புரோட்டானை முந்திக்கொண்டு, சில இடங்களில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. ஈர்ப்பை மட்டும் நினைத்தால் பின்தங்க வேண்டியது ஆக்சிஜன்தான்.

அடுத்தது அகலம். துருவத் துளையில் மூன்று ஆரத் தொலைவில் லைமன் ஆல்ஃபா வரியின் அகலம், ஹைட்ரஜன் நொடிக்கு 200 கி.மீ. சொச்ச வேகத்தில் அலைகிறது என்று காட்டுகிறது. வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 30 லட்சம் கெல்வின். அதே இடத்தில் ஆக்சிஜனும் அதே வெப்பநிலையில் இருந்தால், நிறை 16 மடங்கு என்பதால் வேகம் நாலில் ஒன்றாக, 50 கி.மீ. சொச்சமாக இருக்க வேண்டும். அளந்தால் 500 கி.மீ. அளவில் இருக்கிறது! வெப்பநிலைக் கணக்கில் 20 கோடி கெல்வினைத் தாண்டுகிறது. சூரியனின் மையமே ஒன்றரைக் கோடிதான்.

கருவிப் பிழையாக இருக்குமோ, அல்லது பிளாஸ்மா மொத்தமாக அலையில் ஆடுவதால் வரி அகன்று தெரிகிறதோ என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால் மொத்தமாக ஆடினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே வேகத்தில் ஆட வேண்டும். ஆக்சிஜன் ஹைட்ரஜனைவிட அதிக வேகத்தில் அலைகிறது என்றால் ஆக்சிஜனுக்கு மட்டும் தனியாக யாரோ ஆற்றல் ஊட்டுகிறார்கள் என்றுதான் பொருள். காந்தப்புலக் கோட்டைச் சுற்றி ஒவ்வொரு அயனியும் தனக்கென்று ஒரு அதிர்வெண்ணில் சுழலும். அந்த அதிர்வெண்ணில் ஓர் அலை வந்தால் அயனி அதை விழுங்கிக் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் சூடேறும். கனமான அயனிகள் மெதுவாகச் சுழல்வதால், அதிர்வெண் ஏறிக்கொண்டே வரும் அலைகளின் ஆற்றல் முதலில் அவற்றுக்குத்தான் போகிறது. அயனிச் சைக்ளோட்ரான் அலை என்ற பழைய யோசனை 1990களின் இறுதியில் திடீரென்று உயிர்பெற்றது இதனால்தான். செங்குத்துத் திசைச் சூடு கோட்டின் திசையில் உள்ளதைவிட எத்தனை மடங்கு என்பதில் பின்னர் விவாதம் வந்தது. அடர்த்திக்கு வேறொரு கணித மாதிரியை எடுத்தால் அவ்வளவு பெரிய வேறுபாடு தேவையில்லை என்று சிலர் காட்டினார்கள். மறுகணக்கு போட்டவர்கள் தேவைதான் என்றார்கள். ஆக்சிஜன் ஹைட்ரஜனைவிடப் பலமடங்கு சூடு என்பதை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

என் கருத்தில் யுவிசிஎஸ் கொடுத்த பெரிய பாடம் இதுதான். 'கொரோனாவின் வெப்பநிலை' என்று ஒரே எண்ணைச் சொல்வது பாடப்புத்தகச் சௌகரியம். மூன்று ஆரத் தொலைவில் துகள்கள் ஒன்றோடொன்று மோதவே நேரமில்லை. எலக்ட்ரானுக்கு ஒரு வெப்பநிலை, புரோட்டானுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு வேறொன்று. அந்த வேறுபாடே சூடேற்றும் வழிமுறையின் கைரேகை. எவ்வளவு துல்லியமான படமாக இருந்தாலும் அதில் இது தெரியாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுக்கோட்டுப் பக்கம் நீளும் ஸ்ட்ரீமர்கள் என்ற பிரகாசமான கொரோனாக் கதிர்களின் உள்பகுதியில் ஆக்சிஜன், ஒளிக்கோளத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்திருப்பதையும் யுவிசிஎஸ் கண்டது. காந்தப்புலம் மூடிய பகுதியில் கனமானவை மெல்லக் கீழே படிந்துவிடுகின்றன. சூரியனை உரசிப்போன வால்நட்சத்திரங்களையும் அது பார்த்தது. 2013 ஜனவரியில் அதன் பணி முடிந்தது.

சூரியத் தட்டையும் அதன் அருகிலுள்ள தாழ்ந்த கொரோனாவையும் பார்க்க வேறு நிறமாலைமானிகள் இருக்கின்றன: 2006ல் போன ஹினோடேயின் இஐஎஸ், 2013ன் ஐரிஸ், 2020ல் போன சோலார் ஆர்பிட்டரின் ஸ்பைஸ். அந்த ஆர்பிட்டரின் மெட்டிஸ் கருவி லைமன் ஆல்ஃபாவில் வெளிக் கொரோனாவைப் படமெடுத்து, மேலே சொன்ன மங்கல் தந்திரத்தால் வேகத்தையும் கணக்கிடுகிறது. ஆனால் வரியின் அகலத்தை அது அளக்காது. பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. வரை போனது. அதுவே சூரிய மையத்திலிருந்து கிட்டத்தட்ட பத்து ஆரம். அயனி அளவிலான அலைகளை அங்கே நேரிலேயே அளந்திருக்கிறார்கள். ஆனால் காற்று முதலில் முடுக்கம் பெறும் இரண்டு மூன்று ஆரப் பகுதிக்குள் எந்தக் கலமும் தாக்குப்பிடிக்காது. அங்கே ஒளி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். யுவிசிஎஸ்ஸுக்குச் சமமான வாரிசு இன்னும் இல்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்தான். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 2021ல் அனுப்பிய சிறு முன்னோடிக் கருவி ஒன்று அந்தத் திசையில் எடுத்த அடி.

இயற்பியல் படிப்பவராக இருந்து கையால் செய்துபார்க்க ஆசை இருந்தால், கியான்டி என்ற அணுத் தரவுத்தளம் இலவசம், பைத்தானிலும் ஓடும். யுவிசிஎஸ்ஸின் தரவும் பொதுவில் கிடைக்கிறது. நேராக அகலக் கணக்குக்குப் போகாமல் ஆக்சிஜன் ஜோடியில் தொடங்குங்கள். மோதலை மட்டும் வைத்து விகிதம் 2 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கீழிருந்து வரும் ஒளியைச் சேருங்கள், வேகத்தைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். கார்பன் வரியைச் சேர்க்க மறந்தால் விகிதம் 2க்குக் கீழே இறங்கவே இறங்காது.